இறக்க இறக்கச் சாய்ந்த படகு

ஜெட்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பம்பை எப்படி ஓட்டுவது, கயிற்றை எப்படிக் கட்டுவது, பலகை இடுக்கில் பஞ்சை எப்படி அடைப்பது என்பதையெல்லாம் காட்டித் தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே காட்டுவார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நம் தலைக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஜெட்டியை நான் பல வருடம் பார்த்துக்கொண்டேன். இடுப்பு வலி படுத்தியதால் கொஞ்சம் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டேன். கம்பெனியின் கிடங்குக்குத் தெருப்பக்கம் ஒரு வாசல், காயல் பக்கம் ஒரு வாசல். காயல் பக்கத்து வாசலிலிருந்து மூட்டைகள் நேராக எங்கள் மரப்படகில் இறங்கும். படகு அவற்றைக் கப்பலுக்குக் கொண்டுபோகும். அத்தனை வருடத்தில் ஓடும்போது எங்கள் படகு ஒன்றுகூட மூழ்கியதில்லை. மூழ்கியதெல்லாம் கட்டிப் போட்டிருந்தபோதுதான். ஒருமுறை ஓணம் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், ஜெட்டி ஓரத்தில் படகின் கொடிக்கம்பம் மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றது. அதன் நுனியில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளி வெகுநேரம் பார்த்துவிட்டு, "படகுக்கு ஆள் வெச்சிருக்கேனே, அது இந்தக் காக்காவா?" என்று கேட்டார்.

இந்த விஷயத்தை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் சிராங்கு. படகு ஓட்டுபவரைக் கொச்சியில் அப்படித்தான் சொல்வோம். அவர் வைப்பின் தீவுக்காரர், வெள்ளை மீசை, எப்போதும் வாயில் அணைந்த பீடி. நான் சேர்ந்த வாரமே சொன்னார்: "சாரே, ஓடுற போட்டை நாலு பேர் நோக்கும். கெட்டியிட்ட போட்டை ஆரு நோக்கும்? சார் மட்டும்தான். அதுகொண்டு சார் சாயா குடிக்கறதும் போட்டைப் பார்த்துக்கிட்டே குடிக்கணும்." அன்றிலிருந்து நான் தேநீர்க் கிளாஸோடு ஜெட்டியின் ஓரத்தில் நிற்கப் பழகினேன்.

இப்போது என் மகள் ஜெயா ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். தினமும் படகில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ். சாயங்காலம் அவள் வரும் படகு ஜெட்டியில் கட்டும்போது நான் போய் நிற்கிறேன். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் படகின் விளிம்பைத்தான் பார்ப்பேன். "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க, வீட்டுக்குப் போங்க" என்பாள். போவேன். மறுநாளும் வருவேன். ஏன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில், மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலை. ஜெயாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் லீவு. அவள் அம்மா தன் தங்கையின் பிரசவத்துக்காக ஆலுவாவுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்பதால் ஜெயாவை என்னோடு கூட்டிவந்துவிட்டேன். அவளுக்கு மிகப் பிடித்த இடம் படகின் நடுவில் இருந்த சிராங்கின் அறை. ஒரு பெஞ்சு, ஒரு சுக்கான், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் மரக்கதவு, திருட்டுக்குப் பயந்து கம்பி அடித்த சின்ன ஜன்னல். அவ்வளவுதான் அறை. உடைந்த சோடா பாட்டிலிலிருந்து எடுத்த கோலி ஒன்று அவளிடம் இருந்தது. அது வெளியே ஓடிவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அன்று அமாவாசையை ஒட்டிய நாள். காயலில் கடலேற்றம் அதிகமாக இருக்கும். காலையில் தண்ணீர் நன்றாகத் தாழ்ந்து, அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. படகில் மூட்டைகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. அந்த நேரத்தில் பெரிய படகு ஒன்று வேகமாகக் கடந்து போனது. அலை வந்து எங்கள் படகை ஒரு முறை அமுக்கித் தூக்கியது. அமுங்கிய கணத்தில் படகின் விளிம்பு ஜெட்டியின் குறுக்குக் கட்டைக்கு அடியில் நழுவிப் போய் மாட்டிக்கொண்டது. அப்படி நேராமல் இருக்கத்தான் ஜெட்டியில் டயர்களைத் தொங்கவிடுவோம். சரியாக அந்த இடத்து டயர் முந்தின இரவு கயிறு அறுந்து போய்விட்டிருந்தது.

நிலைமை உங்களுக்குப் புரிகிறதா? மேலே அசையாத கட்டை. கீழே ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர். தண்ணீர் படகைத் தூக்கப் பார்க்கிறது, கட்டை விட மாட்டேன் என்கிறது. ஜெட்டியை ஒட்டிய விளிம்பு அங்கேயே நிற்க, மறுபக்கம் மட்டும் மேலே எழும்புகிறது. தண்ணீர் கட்டையின் உயரத்துக்கு வந்துவிட்டால் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டும்.

சிராங்கு மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "வெயிட்டு கூடுதல் சாரே! மூட்டையை இறக்கு!" என்று கத்தினார். சுமைத் தொழிலாளர்களின் தலைவன் அந்தோணி ஏற்கெனவே துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது. படகு மூழ்கப் போகிறது என்றால் பாரத்தைக் குறைப்பதுதானே முறை? முதலாளியின் மிளகும் தப்பிக்கும். அந்தோணியின் ஆட்கள் பறந்து பறந்து இறக்கினார்கள். நான் ஜெட்டியில் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து ஜெயாவின் குரல் வந்தது.

"அப்பா, கதவு வர மாட்டேங்குது."

எட்டிப் பார்த்தேன். படகு சாய்ந்ததில் கதவின் சட்டம் முறுக்கிக்கொண்டு, பலகை இறுகிப் போயிருந்தது. அந்தோணி தோளைக் கொடுத்துத் தள்ளினான். சிராங்கு கடப்பாரையைக் கொண்டுவந்து இடுக்கில் விட்டு நெம்பினார். ஒவ்வொரு நெம்புக்கும் படகு ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெட்டிப் பக்கத்து விளிம்பு தண்ணீரில் முங்கி, ஒரு குடம் தண்ணீரை அள்ளி உள்ளே ஊற்றியது. ஊற்றிய தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடி நின்றது. படகு இன்னும் சாய்ந்தது. கதவு இன்னும் இறுகியது.

"நிறுத்துங்க" என்றேன்.

சிராங்கு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "சாரே, குட்டி உள்ள இருக்கு!"

"தெரியும். கடப்பாரையைக் கீழ வைங்க. யாரும் அசையாதீங்க."

நான் ஏதோ திடமாக நின்றேன் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது என் குழந்தை. அந்தக் கதவை நகத்தால் பிய்க்கச் சொன்னாலும் பிய்த்திருப்பேன். ஆனால் கதவை உடைக்கும் ஆட்டத்திலேயே படகு கவிழ்ந்துவிடும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுக்கும் என்றாவது இப்படி ஒரு கதவு எதிரில் வரும். வந்தால் ஒரு மூச்சு விடும் நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த ஒரு மூச்சுக்குத்தான் இந்த வேலையில் நமக்குச் சம்பளம்.

"ஜெயா, பெஞ்சு மேல ஏறி உக்காரு. மேட்டுப் பக்கமா."

"கோலி பள்ளத்துல போயிடுச்சுப்பா. எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அது அங்கயே இருக்கட்டும். அது எங்க இருக்குன்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு."

நான் ஜெட்டிப் பலகையில் குப்புறப் படுத்து, குறுக்குக் கட்டைக்கு அடியில் கையை விட்டேன். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. அந்தோணியின் ஆட்களில் ஒருவன், நான் சொன்னது காதில் விழாமல், தோளில் இருந்த மூட்டையோடு படகிலிருந்து ஜெட்டிக்குத் தாவினான். அவன் கால் படகை விட்ட அந்தக் கணத்தில் என் கைக்கு மேலே இருந்த கட்டை 'கிர்ர்' என்று முனகியது. விளிம்பு கட்டையை இன்னும் இறுக்கி அழுத்தியது. என் விரல்கள் நசுங்கப் பார்த்தன.

அப்போதுதான் புத்தியில் உறைத்தது. பாரம் குறைந்தால் படகு மேலே எழும்பும். மேலே போகக் கட்டை விடவில்லை. அப்படியானால் இத்தனை நேரம் நாங்கள் இறக்கிய ஒவ்வொரு மூட்டையும் படகைக் கட்டையோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டிருந்தது. படகைக் காப்பாற்றுகிறோம் என்று கதவை இறுக்கியதும் நாங்கள்தான்.

எழுந்து நின்றேன். "பாரம் ஏத்தணும்" என்றேன்.

"சாருக்குப் பிராந்து பிடிச்சோ?" என்றார் சிராங்கு, பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து. "தண்ணி கேறுற போட்டுல பாரமோ?"

"ரெண்டு விரல் கீழ போனா போதும். கட்டையை விட்டு நழுவிடும். நீங்க கழியை ஊன்றித் தயாரா நில்லுங்க."

அவர் கட்டையைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், வாயிலிருந்த பீடியை எடுத்துக் காதில் செருகினார். அவர் ஒத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு, "மூட்டை வேண்டா சாரே" என்றார். "மூட்டை தொப்புன்னு விழும். போட்டு ஆடும். ஆளைக் கேத்து. ஆளு மெல்லக் கால் வெக்கும்."

உள்ளே நின்ற தண்ணீரும் பாரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். பாரம்தான். ஆனால் தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடும். மனிதனை 'இங்கே நில்' என்றால் நிற்பான். அதனால் ஒருவரைத் தண்ணீர் இறைக்க விட்டுவிட்டு, மற்றவர்களை ஏறச் சொன்னோம்.

அந்தோணி தன் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி ஏறினார்கள். அந்த நிலைமையிலும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சாரே, ஒரு சம்சயம். இது லோடிங்கா, அன்லோடிங்கா? லோடிங்குன்னா அது வேற யூனியன். நாளைக்கு என்னோட சண்டைக்கு வருவாங்க."

"மனுஷன் ஏறினா லோடிங் இல்ல. யாத்திரை" என்றேன். சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு அழுகைக்குப் பக்கத்து வீட்டில் இருந்தது.

ஆள் போதவில்லை. அந்தோணி தெருவாசல் பக்கம் போய் ஒரு குரல் கொடுத்தான். எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கிளாஸும் கையுமாகவே ஓடிவந்தார்கள். கைவண்டிக்காரர்கள் வந்தார்கள். சுக்குப் புடைக்கும் பெண்கள் முறத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒருத்தி, "என்னை ஏத்துனா பிரயோஜனம் இல்ல, எங்க நாத்தனாரை ஏத்துங்க" என்று சொல்லித் தன் நாத்தனாரிடம் ஒரு அடி வாங்கினாள். எல்லோரையும் நடுவில் நெருக்கி நிறுத்தினோம். நான் மறுபடி குப்புறப் படுத்துக் கட்டையில் கையை வைத்தேன். முனகல் குறைந்திருந்தது. ஆனால் விளிம்பு இன்னும் விடவில்லை. தண்ணீரோ நாலு விரல் கிட்டத்தில் வந்துவிட்டது.

கிடங்கு வாசலில் சேட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் மிளகுத் தரகர், குஜராத்திக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரியில்தான். நல்ல கனத்த உடம்பு. தண்ணீர் என்றால் அவருக்கு உயிரே போகும். எறணாகுளம் போக வேண்டுமென்றால்கூட படகு ஏறாமல் பாலத்தைச் சுற்றித்தான் போவார். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் ஏறும் ஆட்களையே பார்த்தபடி வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஜெயாவின் முகம் தெரிந்தது. அவளுக்கு இது ஏதோ திருவிழா போலத் தோன்றியிருக்க வேண்டும்.

"சேட்டு மாமா! நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க? நீங்கதானே எல்லாரையும் விட குண்டு! வாங்க!"

சேட்டு கண்ணை மூடினார். வாய்க்குள் ஏதோ சாமி பேரைச் சொன்னார். "என் கையை யாராவது பிடிங்கோ" என்றார். அந்தோணி ஒரு கையையும் நாத்தனார் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் ஒரு காலை வைத்தார். பிறகு மறு காலை வைத்தார். படகு ஒரு பெருமூச்சு விட்டதுபோல அமிழ்ந்தது.

"அப்பா!" என்று கத்தினாள் ஜெயா. "கோலி உருளுது!"

சாய்வு குறைகிறது. "இப்போ!" என்றேன். அதற்குள் சிராங்கு கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்துவிட்டிருந்தார். அவரும் இன்னும் இருவரும் ஜெட்டித் தூணில் கழியை ஊன்றித் தள்ள, விளிம்பு கட்டையின் அடியை உரசிக்கொண்டு வெளியே வந்தது. வந்த வேகத்தில் படகு ஒருமுறை மறுபக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது. எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆட்டத்தில் அறைக்கதவு யாரும் தொடாமலே சர்ரென்று வழுக்கித் திறந்தது.

படகு ஜெட்டியை விட்டு விலகிக்கொண்டிருந்தது. நான் தாவினேன். என் இடுப்பு வலியின் ஆரம்பம் அந்தத் தாவல்தான் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்பவில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு போய்க் கதவருகில் அவளைத் தூக்கினேன். கோலியை எடுத்து என்னிடம் காட்டி ஏதோ சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒருவர் சொன்னார்: "நாம எங்க போறோம்?"

பார்த்தால் ஜெட்டி தூரத்தில் இருந்தது. கயிறுகள் அவிழ்ந்து தண்ணீரில் கிடந்தன. எஞ்சின் அறையில் தண்ணீர் நின்றதால் எஞ்சின் கிளம்பவில்லை. ஆழமான இடத்துக்கு வந்துவிட்டதால் கழியும் எட்டவில்லை. கயிறு வீசச் சொல்லலாம் என்று பார்த்தால் கரையில் ஆளே இல்லை. தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் நாங்கள்தான் படகில் ஏற்றிவிட்டோமே! சேட்டு அப்போதுதான் கண்ணைத் திறந்தார். நாலு பக்கமும் தண்ணீரைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

இளைஞர்களே, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேரை ஏற்றினாலும் சரி, கரையில் ஒருவரை விட்டுவையுங்கள்.

எங்கள் அதிர்ஷ்டம், சாயாக்கடைக்காரர் ஹம்சாக்கா (இக்கா என்றால் அங்கே அண்ணன்) பால் பொங்கிவிடும் என்று வராமல் இருந்தார். கடை காலியானதும் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறார். அவர் கிளாஸ்கள் எல்லாம் காயலில் மிதந்துபோகும் படகில் இருந்தன. "எடா! எண்ட கிளாஸ்!" என்று அலறிக்கொண்டு பக்கத்துக் கிடங்கின் ஜெட்டி நுனிக்கு ஓடினார். ஏற்றத்தின் ஓட்டம் எங்களை அந்தப் பக்கமாகத்தான் இழுத்துப் போனது. அங்கே கிடந்த கயிற்றைச் சுருட்டி ஓங்கி வீசினார். பல வருடம் தேநீர் ஆற்றிய கை. குறி தப்பவில்லை. கயிற்றின் நுனி நேராக வந்து என் தோளில் விழுந்தது.

"சாரே, கயிறு!" என்றார் சிராங்கு.

படகில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். "கயிறு! பிடிங்க! நழுவுது!"

கயிறு என் தோளிலிருந்து முதுகு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜெட்டிக்காரனுக்குக் கயிற்றைப் பிடிப்பதுதான் முதல் வேலை, கடைசி வேலையும் அதுதான். ஆனால் என் இரண்டு கைகளும் ஜெயாவைச் சுற்றியிருந்தன. பிரிக்கப் பார்த்தேன். அவை பிரியவில்லை.

"நீங்க பிடிங்க சிராங்கே" என்றேன். "என்கிட்ட கை இல்ல."